நாலு எலுமிச்சம்பழமும் ஒரு லைசென்ஸும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் கையசைத்தேன்.

காரில் ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரைப் போலத் தெருவைப் பார்த்துக் கையசைத்தேன். சிரித்தேன் வேறு. கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை. என்ஜினையே போடவில்லை. பின்னால் நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் எதிரில் நின்று அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ மரியாதை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை என்றால் அது வண்டிக்கான பூசைதான். புத்தகங்கள் ஒரு ஓரமாகப் பொட்டு வாங்கிக்கொள்ளும். லாரியும் போர்வெல் ரிக்கும் சோறு போடுகிற ஊரில் வேறு எப்படி இருக்கும். வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டுவார்கள். வீட்டில் இருக்கிற எல்லா வண்டிகளின் சாவிகளையும் ஒரு பித்தளைத் தட்டில் போட்டுச் சாமி முன்னால் வைப்பார்கள். பிறகு நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நாலு எலுமிச்சம்பழம். வண்டிக்குச் சொந்தக்காரன் ஏறி உட்கார்ந்து, பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி, நிற்காமல் ஊர்க்கோடிப் பிள்ளையார் கோயில்வரை போய், தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் பழம் ஏற்ற ஆளில்லை. அவர் விட்டுப்போன வெள்ளைக் கார் என் பெயரில் இருக்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் விஜயதசமியன்று அக்காவும் மாமாவும் திருச்செங்கோட்டிலிருந்து வருவார்கள். மாமா ரிக் முதலாளி. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள் அவருக்கு இரண்டு உண்டு. முந்தின நாள் தன் வண்டிகளுக்குப் பழம் ஏற்றிவிட்டு, மறுநாள் வந்து எங்கள் காருக்கும் ஏற்றிக் கொடுப்பார். நான் பழம் வைப்பேன். ஐந்து வருடமாக இதுதான் ஏற்பாடு. பழம் வைப்பதில் எனக்கு இணை கிடையாது. நாலும் டயரின் நட்டநடுவில், காம்பு மேலே பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த வருடம் மாமா என் தோளில் கைபோட்டார்.

"ஏனுங் மாப்ள, வண்டி யார் பேர்ல இருக்குது?"

"எம் பேர்லதானுங் மாமா."

"அப்பறம் நான் ஏன் ஏத்தோணும்? நீ உக்காரு. ஸ்டியரிங்க நேரா மட்டும் புடி. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

சொன்னதை அப்படியே நம்புவது என் வாடிக்கை. உட்கார்ந்தேன். நேராகப் பிடித்தேன். அவருடைய ரிக் ஆட்கள் நாலு பேர் பின்னால் போய்த் தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. மாமா "தேர் வருது, தேர் வருது" என்று குரல் கொடுத்தார். யாரோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தார்கள். தெருவே திரண்டு நின்றது. நான் கையசைத்தேன்.

அன்று மாலை சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. ஒரு நிமிடம் எட்டு நொடி. முதல்முறை பார்க்கும்போதுகூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டாவது நொடியில் ஒரு பெண் குரல் "அய்யோ பாவம்" என்கிறது. நாற்பத்தோராவது நொடியில் மாமா சிரிக்கிற சிரிப்பில் படமே ஆடுகிறது. அப்போதுதான் புரிந்தது. என் மண்டைக்கு எல்லாமே இப்படித்தான், இரண்டாம் காட்சியில்தான் விளங்கும்.

அதற்குப் பிறகு அந்தப் படம் ஒரு கல்யாணத்தில், ஒரு சீரில், ஒரு துக்க வீட்டில்கூட ஓடியது. ஓடாதது நான் மட்டும்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராசிபுரம் பக்கத்தில் குடியிருக்கிறேன். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எந்த வண்டி எந்த லோடை எடுத்துக்கொண்டு எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலை. சுங்கச்சாவடி, வளைவு, வேகத்தடை எல்லாம் தலைக்குள் இருக்கிறது. பரமத்தி வேலூருக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்; யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். வழி சொல்லி நூறு லாரிகளை அனுப்புகிறவன் ஸ்கூட்டரில் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவன். மனைவி வெண்ணந்தூரில் பள்ளி ஆசிரியை. போகிற வழியில் என்னை இறக்கிவிடுவாள்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அந்தப் படத்துக்கு முந்தின வருடம், பள்ளியில் பிள்ளைகளைப் பற்றி ஏதோ பயிற்சி வகுப்பு நடந்தது. வீட்டுக்கு வந்து, பையை வைக்காமலே என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏனுங்க, அவிய சொன்ன பதினஞ்சு அடையாளத்துல பதிமூணு நீங்கதானுங்க," என்றாள். சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். மூன்று தடவை வரச் சொல்லி, நிறையக் கேள்வி கேட்டு, ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடம் கழித்து எனக்கொரு பெயர் கிடைத்தது. நான் அழவில்லை. வரும்போது பஸ்ஸில் அந்தக் காகிதத்தை ஆறு தடவை படித்தேன், எழுத்துப்பிழை இல்லை.

மாமாவிடம் அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னது: "ஓட்டத் தெரியலைங்கறதுக்கு இங்கிலீசுல ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துட்டானா உந்தம்பி?"

மனைவிக்குக் கார் லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. கல்யாணமான புதிதில் அப்பா, "மருமவ ஓட்டி மவன் பக்கத்துல உக்காந்து போனா ஊரு சிரிக்கும் சாமி," என்றார். ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காக அந்த லைசென்ஸ் பீரோவுக்குள் போனது. ஊர் எப்படியும் சிரித்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் வெளியே வரவில்லை.

சரி, பழிக்கு வருவோம். எனக்குக் கோபம் வராது என்று சொந்தத்தில் ஒரு பெயர் உண்டு. வரும். மெதுவாக வரும், வந்தால் போகாது. ஒரு நோட்டு வாங்கி மாமாவைப் பழிவாங்கும் வழிகளை எழுத ஆரம்பித்தேன். பதினான்கு வழிகள் சேர்ந்தன. மூன்றாவது வழியை அன்றாடம் செயல்படுத்த முடிந்தது. அவர் எங்கே வேகமாகப் போனதாகப் பீற்றிக்கொண்டாலும், நான் சபையிலேயே கணக்குப் போட்டுச் சொல்வேன்.

"திருச்செங்கோட்டுல ஏறுனேன், சேலத்துல எறங்குனேன், இருவது நிமிசம்," என்பார்.

"ஆட்டையாம்பட்டி வழியாங்களா மாமா?"

"ஆமா, பின்ன?"

"அப்படின்னா மணிக்கு நூத்தி முப்பதுக்கு மேல போயிருக்கீங்க. அந்த வழியில வேகத்தடை எத்தனைன்னு சொல்லட்டுங்களா?"

சொல்வேன். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்றும் சொல்வேன். சபை எழுந்து போய்விடும். கூடவே மாமாவும். சின்னச் சந்தோஷம்தான். ஆனால் பதினான்காவது வழியைக் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்: அடுத்த விஜயதசமிக்கு நானே என்ஜினைப் போட்டு, நானே பழம் ஏற்ற வேண்டும். மாமா எதிரில் நின்று பார்க்க வேண்டும். மனைவி அதைப் படம் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் எட்டு நொடிக்குக் குறையக் கூடாது.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "உங்களை மாதிரி நிறையப் பேர் நல்லாவே ஓட்டறாங்க. சிலர் வேண்டாம்னு முடிவு பண்றாங்க. உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். ஏன் ஓட்டணும்னு நினைக்கறீங்க?" என்றார். பழிவாங்க என்று சொல்லவில்லை. "போக வர வசதிங்க," என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன மிகச் சில பொய்களில் அது ஒன்று.

நாமக்கல்லில் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு டிரைவிங் ஸ்கூல். சொல்லிக் கொடுப்பது ஒரு பெண். பரமத்தி வேலூர்ப் பக்கம், முப்பது வயதிருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல். அவர் உட்கார்கிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முதல் நாள் நான் என் நோட்டைத் திறந்தேன்.

"மேடம், ஒரே நேரத்துல எத்தன எடம் பாக்கோணுங்க?"

"அப்படியெல்லாம் கணக்கில்லீங்க சார். பாக்கப் பாக்கப் பழகிரும்."

"கண்ணாடி மூணு. முன்னால ரோடு. மீட்டர். நடந்து போறவிய. சைடு ரோடு. ஏழு ஆச்சுங்க. கண்ணு ரெண்டுதான இருக்குது."

"கிளட்ச மிதிங்க சார்," என்றார்.

வண்டியை உருட்டுவது எனக்குக் கடினமாக இல்லை. கியர், கிளட்ச் எல்லாம் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை. காலி மைதானத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. கோடு போட்ட இடத்தில் கோட்டின் மேலேயே நிறுத்துவேன். பிரச்சினை மற்ற மனிதர்கள் ஒழுங்குக்குக் கட்டுப்படாததுதான்.

இரண்டாவது வாரம் பைபாசில் ஒரு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதன் முதுகில் பெரிய எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. எழுப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னும் எழுதியிருந்தது. மறுபடி எழுப்பினேன். சொல்லிக் கொடுப்பவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஒரு டீக்கடை ஓரம் லாரி நின்றது. நானும் பின்னால் நிறுத்தினேன், பாடப்படி இண்டிகேட்டர் போட்டு. லாரி டிரைவர் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டியபடி என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங் சார், ஊட்டுல ஏதாச்சும் அவசரமுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க மூணு கிலோமீட்டரா அடிச்சுட்டே வாரீங்க?"

"நீங்கதானுங்க எழுதி வச்சிருக்கீங்க."

அவர் தன் லாரியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அதை அன்றுதான் முதல்முறை படிக்கிறவர் போல இருந்தது. திரும்பி வந்தார். "எழுதித்தான் இருக்குது," என்றார். "அது முந்திப் போறப்ப மட்டும் அடிக்கறதுக்குங்க சார்."

"அப்ப அதையும் சேத்து எழுதோணுமில்லீங்க?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர் தலையை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டார். வளையல் குலுங்கியது. லாரி டிரைவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். இரக்கத்தில்தான் என்று இரண்டு நாள் கழித்துப் புரிந்தது.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, சிரிப்பு வராத ஒரு நாள் உண்டு.

பரமத்தி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் காதும் கண்ணும் வேண்டியதை மட்டும் உள்ளே விடும்போலிருக்கிறது. என்னுடையவை எல்லாவற்றையும் ஒரே அளவில் உள்ளே விடும். அன்று பின்னால் ஒரு பஸ் ஏர்ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி வந்தது. முன்னால் முட்டை வண்டியின் தார்ப்பாய் படபடவென்று அடித்தது. பக்கத்தில் வளையல். காருக்குள் இண்டிகேட்டர் டிக் டிக். ஒரு தகரக் கூரையில் பட்ட வெயில் நேராக என் கண்ணுக்கு வந்தது. எது தூரம், எது பக்கம், எது முக்கியம் என்பதெல்லாம் போய்விட்டது. ரோடு துண்டு துண்டாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வண்டி குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தபோது எங்கள் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் ஒரு மொபெட். அதில் வாழை இலைக் கட்டு, அதற்கு நடுவில் ஒரு வயதான மனிதர். அவர் திட்டவில்லை. சரிந்த கட்டை முழங்காலால் நேராக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே கடந்து போனார்.

பிரேக்கை மிதித்தது நான் இல்லை.

"சார், கண்ண மூடுனீங்க," என்றார் சொல்லிக் கொடுப்பவர். குரலில் கோபமே இல்லை.

"ஆமாங்க."

"எத்தன செகண்டு?"

"ரெண்டு இருக்குங்க."

"ரெண்டு செகண்டு போதுங் சார் அவருக்கு." வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, "நீங்க டெஸ்டுல பாசாயிருவீங்க. நல்லா ஓட்டறீங்க. அதுக்கப்பறம் என்ற பிரேக்கு உங்க வண்டில இருக்காதுங் சார். அத மட்டும் யோசிச்சுக்கங்க," என்றார்.

இப்போது எழுதப்போவது எனக்கே பிடிக்காத வாக்கியம். அன்று வீட்டுக்கு வந்து நான் நினைத்தது அந்த வாழை இலைக்காரரை அல்ல. விஜயதசமிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது என்று நினைத்தேன். நாற்பத்தோராவது நொடியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சாதத்தை வடித்துக்கொண்டிருந்தாள்.

"பாசானாப் போதுங்களா, ஓட்டோணுங்களா?"

"ஏத்துனாப் போதும். ஒரு மீட்டர்."

"ஒரு மீட்டருக்கு இத்தன பாடுங்களா," என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அப்பாவின் காரை எடுத்து வந்து மைதானத்தில் என்னைப் பழக்கினாள். போகும்போதும் வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். எத்தனையோ வருடமாகப் பீரோவுக்குள் கிடந்த லைசென்ஸ்காரி, ஒரு கையில் டம்ளர் வைத்திருந்தாலும் சிந்தாதபடி ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் வேகத்தடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று அப்போது கவனித்திருக்க வேண்டும். நான் பழியில் கண்ணாக இருந்தேன்.

டெஸ்டில் பாசானேன். அதிகாரி, "கொஞ்சம் வேகமாப் போலாங்க," என்றார். போர்டில் இருபது என்று போட்டிருப்பதைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் தபாலில் வந்தது. போட்டோவில் நான் யாரையோ கொலை செய்யக் கிளம்பியவன் மாதிரி இருந்தேன். பொருத்தம்தான்.

விஜயதசமி வந்தது. மாமா புதுக் காரில் வந்து இறங்கினார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத, எங்கள் வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிற உயரமான கார். ரிக் இரண்டும் வெளிமாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் ஆட்கள் வரவில்லை. சாவிகள் தட்டுக்குப் போயின. பூசை முடிந்தது. நான் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மாமா கையில் கொடுத்தேன்.

அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நெசமாலுமே உன்றதா?" என்றார். பிறகு தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "எல்லாரும் வாங்க, மாப்ள இன்னைக்கு வண்டி ஓட்டறான். தள்ள ஆள் வேண்டாமாம்," என்றார். போனை எடுத்துக்கொண்டார். "நீ ஏத்தறவன், நீ பழம் வெக்கக் கூடாது. கொண்டா, நான் வெக்கறேன்."

பழம் வைக்கிற வேலை என் கையை விட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் குனிந்து நாலையும் எறிகிற மாதிரி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். பெல்ட் போட்டேன். கண்ணாடிகளைச் சரி செய்தேன். வண்டிக்கு முன்னாலும் பக்கத்திலும் நின்றவர்களை எண்ணிக்கொண்டேன். பதினொரு பேர். என்ஜினைப் போட்டேன். எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா, மாமாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கீழே இறங்கியது. இதற்காக ஒரு வருடம் காத்திருந்தேன். முதல் கியர் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சரவெடியைக் கொளுத்தினார். தட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். மாமா "தேர் வருது" என்று எடுத்தார். புகை. மாமாவின் புதுக் காரின் கண்ணாடியில் பட்டு வெயில் என் முகத்துக்கு வந்தது. பரமத்தி ரோடு அப்படியே வாசலுக்கு வந்துவிட்டது. மறுபடி எண்ணினேன். பத்துப் பேர்.

இன்னொரு முறை எண்ணினேன். பத்து.

ஒருவர் எங்கோ போயிருக்கலாம். வீட்டுக்குள் போயிருக்கலாம். இடதுபக்கம் எனக்குத் தெரியவில்லை. கிளட்சிலிருந்து காலை அரை அங்குலம் விட்டால் போதும், பழம் நசுங்கிவிடும், பழி முடிந்துவிடும். எதிரில் மாமா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன்.

மாமா சந்தோஷமாகச் சிரித்தார். "என்ன மாப்ள, ஆப் ஆயிருச்சா? தள்ளட்டுமா?"

"ஆப் ஆவல மாமா. நாந்தான் நிறுத்துனேன். ஒராள் கொறையுது."

முன்பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். இடது சக்கரத்துக்கு நேர் முன்னால், பானெட்டுக்குக் கீழே, குனிந்திருந்திருக்கிறாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். "உருண்டு போச்சு," என்றாள். "வெச்சவிய நேரா வெக்கல. எடுத்து வெச்சுட்டிருந்தேன்."

தட்டுச் சத்தம் நின்றது. மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பழத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். போனை மெதுவாக இறக்கினார். அக்கா பழத்தைத் திரும்பச் சக்கரத்துக்கு முன்னால், நட்டநடுவில், காம்பு மேலே பார்க்க வைத்தாள். எங்கள் குடும்பத்துக் கை.

நான் இறங்கினேன். தெருவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, மனைவியிடம் போய், "நீ ஏத்து," என்றேன்.

மாமாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "அம்மணி, பொம்பளைங்க பழம் ஏத்தறது நம்ம பக்கம் வழக்கமில்லீங்க," என்றார்.

"வண்டி அவிய பேர்ல இருக்குதுங்கண்ணா. அவிய ஏத்தச் சொல்றாங்க," என்றாள் மனைவி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டே.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சில நொடிகளில்தான் என் வன்மம் மறுபடி தலையெடுத்தது. அது சாகவில்லை, சற்று உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். சாமி முன்னால் இருந்த தட்டில் இன்னும் இரண்டு சாவிகள் கிடந்தன. ஒன்று எங்கள் ஸ்கூட்டருடையது. இன்னொன்று மாமாவின் புதுக் காருடையது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் ஏறினேன். மறதியாக எடுத்துவிட்டேன் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பாதீர்கள்.

நாலு பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. கார் நிற்காமல் தெருவைத் தாண்டியது.

கோயில் ஒன்றரைக் கிலோமீட்டர். பூசாரி காத்திருந்தார். தேங்காய்த் தட்டு மாமா கையில் இருந்தது. அப்பா போனதிலிருந்து முதல் தேங்காயை உடைப்பது அவர் உரிமை, அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். வெயில் பதினொரு மணி வெயில். பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். மாமா சாமி முன்னால் இருந்த தட்டில் சாவியைத் தேடியிருக்கிறார், பூவுக்கடியில் தேடியிருக்கிறார், தன் பைகளில் தேடியிருக்கிறார். அக்கா ஸ்கூட்டரை எடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறாள். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் ஓட்ட, பின்னால் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பக்கத்துக் கடைக்குக்கூட.

"நடந்து வாரேன்," என்று சொன்னாராம்.

"நான் இன்னைக்கு டயருக்கடியில போவாம வந்தவ. நிக்க வெச்சுப் பேசாதீங்க. ஏறுங்க," என்றாளாம் அக்கா.

நான் கோயில் வாசலில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். வளைவில் ஸ்கூட்டர் தெரிந்தது. முன்னால் அக்கா, முதுகை நிமிர்த்தி. பின்னால் ரிக் முதலாளி, மடியில் தேங்காய்த் தட்டு, ஒரு கையால் தட்டையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் வெளியே நீட்டியபடி. வேகத்தடை வந்தது. தேங்காய் ஒரு துள்ளு துள்ளியது. மாமா சீட்டை விட்டுவிட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல வெளிச்சம். படம் துல்லியமாக வந்திருக்கிறது. ஒரு நிமிடம் பதினொரு நொடி.

அதைக் குழுவில் போடவில்லை. இன்னும் போடவில்லை. மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். லைசென்ஸ் மணிபர்சில் இருக்கிறது. இரண்டையும் பயன்படுத்துவதாக இல்லை; இரண்டும் என்னிடம் இருப்பது மாமாவுக்குத் தெரியும். இப்போது வெள்ளைக் காரை மனைவி ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறேன். ஊர் சிரிக்கிறதா என்று கேட்டால், சிரிக்கிறது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் அதற்குச் சீக்கிரம் சலித்துவிடுகிறது.

தேங்காய் உடைத்து முடித்தார்கள். மாமா கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அக்கா ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தாள், இறங்குகிற எண்ணமே இல்லாதவளாக. நான் போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, புதுக் காரின் சாவியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஸ்கூட்டர் வளைவில் தெரிந்ததிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியை, முடிந்தவரை அப்பாவியான முகத்தோடு கேட்டேன்.

"பின்னால உக்காந்து வந்தீங்களே மாமா, எப்படி இருந்துச்சுங்க?"

மாமா கையிலிருந்த சுண்டலை வாயில் போட்டு மென்று முடித்தார்.

"காத்து நல்லா வந்துச்சு."